1929 சட்டம் வேறு, 1947 சட்டம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 30 நெருங்கினால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பற்றிய கட்டுரைகள் வரிசைகட்டும். அந்த நாளைத் தமிழக அரசு மருத்துவமனை தினமாக அறிவித்தபின் இன்னும் கூடுதல். ‘தேவதாசி முறை ஒழிப்புச் சட்டத்தை 1929இல் நிறைவேற்றினார்’ என்ற வரி அவற்றில் தவறாமல் வருகிறது. 1929இல் ஒரு சட்டம் வந்தது உண்மை. ஆனால் பொட்டுக் கட்டுவதை, அதாவது பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்கை, தடுத்த சட்டம் அது அல்ல.

சென்னை மாகாணப் பெண்களுக்கு 1921இலேயே ஓட்டுரிமை வந்துவிட்டது, சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். மாகாணச் சட்டசபையான கவுன்சிலில் உட்காரும் உரிமை 1926இல்தான் வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று, குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். முத்துலட்சுமி போட்டியிடவில்லை, அரசு நியமித்த உறுப்பினராகக் கவுன்சிலுக்குள் வந்தார். 1927இல் சபையே அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஆகவே அவரை ‘முதல் பெண் எம்.எல்.ஏ.’ என்று அச்சிடுவது பிழை, எம்.எல்.சி. (சட்டக் கவுன்சில் உறுப்பினர்) என்க. 1937 தேர்தலில் வென்று சட்டப்பேரவையின் துணை சபாநாயகரானவர் ருக்மணி லட்சுமிபதி.

1927 நவம்பரில் முத்துலட்சுமி கொண்டுவந்தது ஒரு தீர்மானம். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கச் சட்டம் இயற்றுமாறு அரசுக்குப் பரிந்துரைப்பது, அவ்வளவுதான். நிறைவேறினாலும் அது யாரையும் கட்டுப்படுத்தாது. சிறுமிகளை விபசாரத்துக்கு விற்பதையும் வாங்குவதையும் தண்டிக்க இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 372, 373ஆம் பிரிவுகள் ஏற்கெனவே இருந்தன. ஆனால் நோக்கத்தை நிரூபித்தாக வேண்டும். கோயிலில் நடக்கும் சடங்கு என்று சொல்லித் தப்பிப்பது எளிது. தனிச் சட்டம் தேவைப்பட்டது அதனால்தான்.

அடுத்து அவர் கைவைத்தது மானிய நிலத்தில். பல கோயில்களில் தேவதாசியின் ஊழியத்துக்கு ஈடாக இனாம் நிலம் உண்டு. ஊழியம் நின்றால் நிலமும் போகும். நிலம் குடும்பத்தில் தங்க வேண்டுமானால் அடுத்த பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும். இந்து அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் 1929இல் நிறைவேறியது. நிலத்துக்கு ஒரு வரி நிர்ணயித்து, ஊழிய நிபந்தனையை நீக்கி, அனுபவித்து வந்த பெண்ணிடமே அது விடப்பட்டது. என் கணக்கில் அவருடைய மிகக் கூர்மையான சட்ட வேலை இதுதான்: யாரையும் சிறைக்கு அனுப்பாமல், பொட்டுக் கட்டுவதற்கான பணக் காரணத்தை அறுத்தது. குறையும் இருந்தது. மானியம் இல்லாத குடும்பங்களுக்கு இது பொருந்தாது. பொட்டுக் கட்டுவதே குற்றம் என்றும் இதில் இல்லை.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் 1930 மசோதா. பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்ட நிலையில் காந்தி கைதானார்; அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவி விலகினார். அரசு மசோதாவாக இருந்திருந்தால் வேறொருவர் எடுத்து நடத்தியிருப்பார். இது தனி உறுப்பினர் மசோதா. அதே ஆண்டு புதிய கவுன்சிலுக்குத் தேர்தலும் வந்துவிட்டது. மசோதா விழுந்தது. மனசாட்சிக்காகச் செய்த ராஜினாமாவுக்கு இப்படியும் ஒரு விலை இருந்ததை எந்தக் கட்டுரையும் சொல்வதில்லை. தேவதாசிப் பெண்களில் ஒரு சாராரே சங்கமாகத் திரண்டு அவரது முயற்சியை எதிர்த்து மனு கொடுத்ததையும் விட்டுவிடுகிறார்கள்.

தடைச் சட்டம் 1947இல் வந்தது. அந்த ஆண்டின் 31ஆம் சட்டம். பொட்டுக் கட்டுவது செல்லாது, அப்படிக் கட்டப்பட்ட பெண் திருமணம் செய்துகொள்ளலாம், சடங்கை நடத்துபவருக்கும் உடந்தையானவருக்கும் 6 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

இடையில் முத்துலட்சுமி கல்விக்கான ஹார்டாக் குழுவிலும், 1937 முதல் 1939 வரை சென்னை மாநகராட்சியில் ஆல்டர்மேனாகவும் இருந்தார். அதுவும் வார்டு மக்களிடம் ஓட்டுக் கேட்டு வரும் இடமல்ல, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பது. 1954இல் மாநில சமூக நல வாரியத் தலைவர் பதவி நியமனம். இத்தனை படிகளிலும் பொதுத் தேர்தல் வழியாக ஏறியது ஒன்றுகூட இல்லை. ‘தேர்தலில் வென்று’ என்று எழுதுவோர் கவனிக்க.

‘இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்’ என்ற பட்டமும் வேண்டாம். ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் மருத்துவத் தகுதி பெற்ற 1886இல்தான் முத்துலட்சுமி புதுக்கோட்டையில் பிறந்தார்.

அடுத்த ஜூலையில் காலவரிசைப் பெட்டி போடும்போது 1927 தீர்மானம், 1929 திருத்தச் சட்டம், 1930 மசோதா, 1947 தடைச் சட்டம் என நான்கையும் தனித்தனி வரியில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், புதுக்கோட்டை