உங்க வீட்டுப் படி எங்க வீட்டுல இருக்கு

மாப்ள,

முட்டி வலி எப்படி இருக்கு, மாடிப்படி ஏற முடியுதா. போன வாரம் வாட்சப்புல "உங்க படி என்கிட்ட இருக்கு, எப்ப வாங்கிக்கிற"ன்னு ஒரு வரி தட்டிவிட்டேன், நீ அடிச்சுப் பிடிச்சு போன் பண்ணி "அரியர் வந்துருச்சாடா, எத்தனை பர்சென்ட்"னு கேட்ட பாரு, அன்னைக்கு முழுக்க சிரிச்சுக்கிட்டே இருந்தேன். கருவூலத்துல இருந்தவன் படின்னு சொன்னா அகவிலைப்படியாத்தான் இருக்கணும்னு நீ நினைச்சதுல தப்பு இல்ல. ஆனா நான் சொன்னது பித்தளைப் படி. உங்கம்மாவோடது.

வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறதுக்காக பரண்ல கிடந்ததையெல்லாம் இறக்கினோம். அண்டா ஒண்ணுக்குள்ள பழைய துணியில சுத்தி இருந்துச்சு. வாய்ப்பக்கம் ஒரு ஒடுக்கு, அடியில புள்ளி புள்ளியா பா.ல.ன்னு பேர் வெட்டியிருக்கு. எங்க வீட்டுப் பாத்திரத்துல எல்லாம் எங்கப்பா பேருதான் இருக்கும், அதனால பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அக்கா வளைகாப்புக்கு அரிசி பத்தலைன்னு உங்க வீட்டுக்கு ஓடி வந்தேனே, உங்கம்மா அளந்து பையில கொட்டிட்டு படியையும் மேல வச்சுக் குடுத்தாங்க. அரிசி திரும்பிப் போச்சு, எங்கம்மா கோபுரமா அளந்து குடுத்ததும் ஞாபகம் இருக்கு (கடன் வாங்கும்போது தலைதட்டி வாங்கு, குடுக்கும்போது கும்பமா குடுன்னு சொல்லும்), ஆனா படி மட்டும் இங்கயே தங்கிருச்சு. நாப்பது வருசம்!

அதைப் புளி போட்டுத் தேய்ச்சு டேபிள் மேல வச்சிருந்தேன். தம்பி மக பத்தாவது படிக்கிறாள்ல, கணக்கு நோட்டைத் தூக்கிட்டு வந்து "பெரியப்பா, இதுக்குப் படி எவ்வளவு"ன்னா. நான் படியைப் பார்த்துட்டு, ரெண்டு பேருக்குச் சோத்துக்கு வச்சாலும் ஒரு வாரத்துக்கு வராதுன்னேன். அவ தலையில அடிச்சுக்கிட்டா. உன் சப்ஜெக்ட்டுடா அது, பல்லுறுப்புக்கோவையோட படி. எக்ஸுக்கு மேல எது பெரிய அடுக்கோ அதுதான் படின்னு எனக்கே பாடம் எடுத்தா. ரெண்டு வந்தா இருபடிச் சமன்பாடு, மூணு வந்தா முப்படி. நம்ம காலத்துலயும் இதே வார்த்தைதான், நான் அப்பவே புரியாம மனப்பாடம் பண்ணினவன், என்னத்தச் சொல்ல.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, இந்த ஒரு ரெண்டெழுத்து வார்த்தை எத்தனை ஆபீஸ்ல எத்தனை வேஷம் போடுதுன்னு யோசிச்சுக்கிட்டே கிடந்தேன். எங்க ஆபீஸ்ல ஒரு அதிகாரி இருந்தாரு, பேரு வேணாம், தூய தமிழ்ப் பித்து. நகல்னு எழுதினா அது உருது வார்த்தைன்னு சிவப்பு மையில அடிச்சுட்டு "படி"ன்னு மாத்துவாரு. புதுசா ஒரு பையன் வந்து சேர்ந்த வாரம், ஒரு டூர் ஃபைல்ல இவரு "படி இணைக்கப்படவில்லை"ன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டாரு. பையன் பயணப்படிதான் விட்டுப்போச்சுன்னு நினைச்சு புதுசா ஒரு பில் போட்டு வச்சான். மறுபடி திரும்பி வந்துச்சு. சரி, தினப்படியா இருக்கும்னு அதையும் சேர்த்தான். மூணாவது தடவை அழாத குறையா என்கிட்ட வந்து, "சார் இதுக்கு மேல என்கிட்ட படி இல்ல"ன்னான். அவரு கேட்டது ஆர்டர் காப்பி ஒண்ணு. அந்த ஃபைல்ல நான் கடைசியா என்ன எழுதினேன் தெரியுமா: "மேற்படி பயணப்படி ஆணையின் படி, விதிப்படி இணைக்கப்பட்டுள்ளது." அதிகாரி சிரிக்கவே இல்ல, கையெழுத்துப் போட்டுட்டாரு.

சம்பளத்துல வர்ற இந்தப் படியும் இந்தப் பித்தளைப் படியும் ஒண்ணுதான்டா, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. கூலியை நெல்லா அளந்த காலத்துல தினம் இவ்வளவு படின்னு குடுத்தாங்க, தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணையில அப்படி நெல்லு வாங்கிக்கிட்டு அடிமை மாதிரி உழைச்சவங்களைப் படியாள்னே சொன்னாங்க. நெல்லு போயி காசு வந்துச்சு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. நம்ம பஞ்சப்படிக்கு, அதான் அகவிலைப்படிக்கு, இன்னும் பழைய கதை ஒண்ணு இருக்கு. திருவீழிமிழலையில பஞ்சம் வந்தப்ப, அடியார்களுக்குச் சோறு போட அப்பருக்கும் சம்பந்தருக்கும் சிவன் தினம் ஆளுக்கொரு காசு பலிபீடத்துல வச்சாரு, அதுக்குப் பேரு படிக்காசு. பெரியபுராணத்துல வருது. பஞ்சத்துக்கு தினம் குடுத்த படி, அப்ப அது பஞ்சப்படி இல்லாம வேற என்ன! அதுலயும் பாரு, அப்பர் காசு கடையில உடனே மாறுது, சம்பந்தர் காசுக்கு வட்டம் புடிக்கிறாங்க, சாப்பாடு லேட்டாகுது. அப்பர் மண்வெட்டி புடிச்சு வேலை செஞ்சவராம், அதனால அவருக்கு முழு மதிப்பு. சம்பந்தர் சும்மா இருப்பாரா, "வாசி தீரவே காசு நல்குவீர்"னு பாடிட்டாரு. வாசின்னா இங்க அந்த வட்டம், குறைச்சல். படின்னாலும் வாசின்னாலும் நம்ம ஊர்ல புத்தகத்தைத் தூக்குறோம், இவங்க ரெண்டையும் காசுக்கு வச்சிருக்காங்க. அரியர் கேட்டு முதல்ல மனு போட்டது சம்பந்தர்தான்னு சங்கக் கூட்டத்துல நான் ஒருக்கா சொன்னேன், கைதட்டல் அள்ளுச்சு.

நம்ம தமிழ் ஐயாகிட்ட நீ வாங்கின குட்டு ஞாபகம் இருக்கா? 606ஆம் குறள், "படியுடையார் பற்றமைந்தக் கண்ணும்". நீ பொருள் எழுதினது "படிக்கட்டு வைத்த மாடி வீட்டுக்காரர்கள்". அங்க படின்னா பூமிடா, பூமியை ஆளுற ராஜாங்க. அவரு உன்னைக் குட்டினதோட விட்டாரே. ஆனா எனக்கு என்னவோ உன் பொருளும் அவ்வளவு மோசம் இல்லன்னுதான் தோணுது, நம்ம தெருவுல மாடிப்படி வச்ச வீட்டுக்காரன்தானே ராஜா.

போன மாசம் மேலூர்ப் பக்கம் ஒரு பழைய கோயிலுக்குப் போயிருந்தேன், அங்க கல்வெட்டுக்காரங்க ரெண்டு பேரு வேலை பார்த்துக்கிட்டிருந்தாங்க. மைப்படி எடுக்கிறோம்னாங்க. பொழுதுபோகாதவன், கூடவே உட்கார்ந்துட்டேன். சுவத்துல இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்பு எல்லாத்தையும் பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவுறாங்க. தாளைத் தண்ணியில நனைச்சு கல்லு மேல ஒட்டுறாங்க, அப்புறம் கெட்டியான பிரஷ் ஒண்ணால தட்டுறாங்க தட்டுறாங்க அப்படித் தட்டுறாங்க, தாளு குழிக்குள்ள இறங்கணும்ல. அவசரப்பட்டா கிழிஞ்சிரும், விட்டா காத்து புகுந்துக்கும். கொஞ்சம் ஈரம் இழுத்ததும் துணிப்பந்துல மையைத் தொட்டு ஒத்தி ஒத்தி எடுக்கிறாங்க, தாளு முழுக்கக் கறுக்குது, குழிக்குள்ள போன எழுத்து மட்டும் வெள்ளையா நிக்குது. காஞ்சதும் உரிச்சா ஆயிரம் வருசத்து எழுத்து கையில சுருட்டிட்டுப் போற மாதிரி வந்துருது. அதுல பெரியவரு உதவியாளர்கிட்ட சொல்றாரு, "படி எடுக்கிறதுன்னா அவசரமாடா, தாளு படியட்டும்." எனக்குச் சட்டுனு பிடிச்சுப்போச்சு. ஒரே வாயில பேரும் வினையும் வந்து விழுது. படிப்புன்னா மனசுல படியிறதுன்னு மேடைக்கு மேடை சொல்லிச் சொல்லிப் புளிச்சுப்போச்சு, அதை நான் சொல்ல வரல. ஆனா தூசி படியுது, வண்டல் படியுது, தலைமுடி படியமாட்டேங்குது, பேரம் படியலைங்கிறோம், அந்தத் தாளு கல்லுல படிஞ்சதைப் பார்த்தப்புறம் இதெல்லாம் ஒரே சங்கதியாத்தான் தெரியுது. எங்க ஆச்சி பாட்டுப் பாடுன்னு சொல்லாது, பாட்டுப் படின்னுதான் சொல்லும், அதை எங்க சேர்க்கிறதுன்னு தெரியல.

அரிசியை அளக்கும்போது உங்கம்மா ஒண்ணுன்னு எண்ணமாட்டாங்க, கவனிச்சிருக்கியா? லாபம், ரெண்டு, மூணுன்னுதான் போகும். எட்டு படி ஒரு மரக்கால், பன்னெண்டு மரக்கால் ஒரு கலம், எல்லாம் வாய்க்கணக்கு. 1956லயே கிலோவுக்கும் லிட்டருக்கும் சட்டம் வந்தாச்சு, ஆனா 1967 எலக்சன்ல அண்ணா பேசுனது ரூபாய்க்கு மூணு படி அரிசின்னுதான், கிலோன்னா எவன் மனசுல ஏறும். ஜெயிச்சு வந்து சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் ரூபாய்க்கு ஒரு படி போட்டாங்க. மிச்ச ரெண்டு படி எங்கன்னு எங்கப்பா சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டிருந்தாரு, அவரு காங்கிரஸ்.

இப்ப உன்கிட்ட ஒரு கேள்வி. தம்பி மக புத்தகத்துல இருக்கு, வெறும் அஞ்சுன்னு ஒரு எண் இருந்தா அதோட படி பூச்சியமாம். சரி, புரியுது. ஆனா பூச்சியத்தோட படி வரையறுக்கப்படவில்லையாம். ஒண்ணுமே இல்லாதவனுக்குப் படியே கிடையாதுங்கிறது என்ன நியாயம்? இங்க மார்கழி அஷ்டமிக்கு மீனாட்சியும் சொக்கரும் எறும்புக்கு வரைக்கும் படி அளக்கிறாங்கன்னு வெளி வீதியெல்லாம் அரிசியை வீசிட்டுப் போறாங்க. அம்மன் சிமிழுக்குள்ள ஒரு எறும்பை அடைச்சு வச்சு, இதுக்கும் அளந்தீரான்னு சொக்கர்கிட்ட கேட்டுத் திறந்து பார்த்தா உள்ள அரிசி இருந்துச்சாம். அப்படிப்பட்ட ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு பூச்சியத்துக்குப் படி இல்லன்னு சொன்னா நான் எப்படி ஒத்துக்கிறது. முப்பத்தஞ்சு வருசம் வாத்தியாரா இருந்தேல்ல, அவளுக்குப் புரியிற மாதிரி எழுது, எனக்கும் சேர்த்து. போன்ல வேணாம், நீ போன்ல கத்துவ.

அஷ்டமி சப்பரத்துக்கு வந்துரு. அம்மன் சப்பரத்தைப் பொம்பளைங்களே இழுத்துட்டுப் போறதை உன் வீட்டுக்காரம்மா பார்த்ததில்லன்னு சொன்னாங்க, கூட்டிட்டு வா. அப்படியே படியையும் எடுத்துக்க. ஒடுக்கை எடுக்கவான்னு கடையில கேட்டேன், எடுத்தா அளவு மாறிரும்னான், அப்படியே விட்டுட்டேன். வெறும் படியா குடுக்கக்கூடாது, அரிசி நிரப்பித்தான் குடுக்கணும்னு இவ ஒத்தக்கால்ல நிக்கிறா, அதுவும் கும்பமா. பொன்னி போடவா, இட்லி அரிசி போடவான்னு மட்டும் சொல்லு.

உன்,
மேற்படியான்