ஜிசிசி பராமரிப்பாளர்களுக்கு, ஓர் எழுத்துத் திருத்தம் பற்றி

வணக்கம்.

1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி என்ற கம்பைலரை (நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளை) இன்றுவரை வளர்த்து வருகிறவர்கள் நீங்கள். அதன் உள்ளமைப்பைச் சொல்லும் கையேட்டை வைத்துத்தான் என்னைப் போன்ற பலர் கம்பைலர் எப்படி இயங்குகிறது என்று கற்றுக்கொள்கிறோம். அந்தக் கையேட்டுக்கு வரும் எழுத்துத் திருத்தங்களை அற்பம் என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஆபரண்டுக் கட்டுப்பாடுகள் (ஒரு கணினிக் கட்டளை, அதாவது இன்ஸ்ட்ரக்‌ஷன், கையாளும் மதிப்புகளுக்கான விதிகள்) பற்றிய பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சமக்குறி போட்டால், இன்ஸ்ட்ரக்‌ஷன் அந்த ஆபரண்டில் எழுதுகிறது என்று பொருள். கூட்டல் குறி போட்டால் படிக்கவும் செய்கிறது, எழுதவும் செய்கிறது. எடுத்துக்காட்டில் கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறி விழுந்துவிட்டால், அதைப் பார்த்து மெஷின் டிஸ்கிரிப்ஷன் (ஒரு செயலியின் கட்டளைகளைக் கம்பைலருக்கு விவரிக்கும் கோப்பு) எழுதுகிறவர் பழைய மதிப்பு தேவையில்லை என்று கம்பைலரிடம் சொன்னதாகிவிடும். தவறு உடனே தெரியவும் தெரியாது. நிரலை வேகமாக்கும் ஆப்டிமைசேஷனைக் கூட்டி, ரெஜிஸ்டர் (செயலிக்குள் மதிப்பை வைக்கும் இடம்) ஒதுக்கீடு மாறும் ஏதோ ஒரு நாளில்தான் தலைகாட்டும்.

கையேட்டை எழுதப் பயன்படும் வடிவமான டெக்ஸ்இன்ஃபோ தரும் தொல்லை வேறு. சாதாரண வரியில் அடுத்தடுத்து இரண்டு சிறுகோடு போட்டால் அது ஒரே நீள்கோடாகிவிடும். இரண்டு சிறுகோட்டில் தொடங்கும் ஆப்ஷன் பெயருக்கு உரிய குறியீட்டைப் போட மறந்தால், வாசகர் பார்ப்பது கம்பைலர் ஏற்காத ஆப்ஷனை.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் விடுபட்ட சொல்லைத் தானாகவே நிரப்பிக்கொண்டு போய்விடுவார். எங்களால் அது எப்போதும் முடியாது. 'இல்லை' என்ற ஒரு சொல் விடுபட்டிருந்தால், எழுதியிருப்பதையே உண்மை என்று எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறோம்.

வெளிப்படையான திருத்தங்களை முன் அனுமதி இல்லாமலே சேர்க்கலாம் என்று உங்கள் விதியே சொல்கிறது. நல்ல விதி. ஆனால் அது ஜிசிசி கோப்புகளில் நேரடியாக எழுதும் உரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான். புதிதாக வருகிறவர் உங்களைத்தான் நம்பியிருக்கிறார். அவர் அனுப்பும் ஒற்றை எழுத்துப் பேட்ச் (திருத்தக் கோப்பு) சரியாக இருந்தால், 'சரி' என்று ஒரு வரி எழுதி அன்றே சேர்த்துவிடுங்கள். இன்னும் நாலு பிழையைச் சேர்த்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்லாதீர்கள். அப்புறம், கையேட்டின் டார்கெட் மேக்ரோ அத்தியாயம் (ஒவ்வொரு செயலிக்கும் ஏற்பக் கம்பைலரை அமைப்பது பற்றியது) வேறு கோப்புகளிலிருந்து உருவாக்கப்படுவது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. உருவான கோப்பையே திருத்தி அனுப்பியிருந்தால், மூலக் கோப்பில் நீங்களே மாற்றி, அவர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் கையேட்டின் வாசகர் ஒருவர்