டெய்ஸ்கோ கிட்டார்களைப் பிரித்து விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

1960-களில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்கு இறக்குமதியான டெய்ஸ்கோ கிட்டார்களை ஏலத்திலும் பழைய பொருள் சந்தையிலும் வாங்குகிறீர்கள். கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்புகளைக் கழற்றித் தனியாக விலை வைக்கிறீர்கள். நெக் (கழுத்து), டியூனர் (கம்பியை முறுக்கும் சாவி), டிரெமோலோ (ஸ்வரத்தை அசைக்கும் நெம்புகோல்) ஆகியவை தனித்தனி உதிரிகளாகப் போகின்றன. கடைசியில் மிஞ்சும் பாடி (உடல்) பெரும்பாலும் குப்பைக்குப் போகிறது. தங்கநிறத் தகடு பதித்த இரண்டு பிக்கப்புகள் பல நேரங்களில் முழுக் கிட்டாரைவிட அதிக விலைக்குப் போகும் என்ற கணக்கு எங்களுக்கும் தெரியும். பழைய கிட்டார்களைப் பழுது பார்ப்பதே எங்கள் வேலை. உங்களிடம் வந்து சேரும் டெய்ஸ்கோக்களில் பலவற்றை ஒரே நாளில் வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

‘பெயர் தெரியாத ஜப்பான் கிட்டார், உதிரிக்கு மட்டும்’ என்று பல விளம்பரங்களில் பார்க்கிறோம். பெயரும் ஊரும் தெளிவாக உள்ள கிட்டார் இது. போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், டோக்கியோவில் ஹவாய் கிட்டார் வாசிப்பாளர் அட்சுவோ கனேகோவும் மின்பொறியாளர் டோர்யு மட்சுடாவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரும் சின்ன ஆம்ப் என்ற ஒலிபெருக்கியும்தான் முதலில் செய்தார்கள். 1956-இல் நிறுவனத்துக்கு நிப்பான் ஒன்பா கோக்யோ என்று பெயர் மாறியது. 1964-இல் கிட்டாரில் இருந்த டெய்ஸ்கோ என்ற பெயரே நிறுவனத்துக்கும் ஆனது. 1967-இல் பியானோ செய்யும் கவாய் அதை வாங்கிக்கொண்டது. கிட்டார்களை விட்டுப் போன பிறகும் அந்தப் பெயர் கீபோர்டுகளில் 1980-கள் வரை நீடித்தது.

அமெரிக்கக் கதை சிகாகோவில் தொடங்குகிறது. ஜாக் வெஸ்ட்ஹைமர் என்ற இறக்குமதியாளர் 1960-களின் தொடக்கத்தில் இவற்றைக் கொண்டுவரத் தொடங்கினார். தென்கொரியாவில் கோர்ட் கிட்டார் நிறுவனம் உருவாகப் பின்னாளில் காரணமானவர்களில் ஒருவர் இவரே. 1964-இல் டபிள்யூ.எம்.ஐ. என்ற இன்னொரு இறக்குமதி நிறுவனம் ‘டெய்ஸ்கோ டெல் ரே’ என்ற பெயரில் இறக்கத் தொடங்கியது. அதே ஆண்டு பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார்கள். அதற்குப் பிறகு கிட்டார் கேட்காத பையன் இல்லை. உள்நாட்டுத் தொழிற்சாலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த இடைவெளியை ஜப்பான் கிட்டார்கள் நிரப்பின. சியர்ஸ் கடைகளில் ‘சில்வர்டோன்’ என்ற பெயரிலும் டெய்ஸ்கோ விற்றது. ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலனின் முதல் எலெக்ட்ரிக் கிட்டார், நான்கு பிக்கப் வைத்த டெய்ஸ்கோ டெல் ரே. சிகாகோ ப்ளூஸ் கலைஞர் ஹவுண்ட் டாக் டெய்லர் ஸ்லைடு (விரலில் மாட்டிய குழாயைக் கம்பியில் வழுக்கி வாசிப்பது) வாசித்ததும் இதே காலத்து மலிவான ஜப்பான் கிட்டாரில்தான். அவருடைய வாசிப்பைப் பதிவு செய்வதற்காகவே 1971-இல் அலிகேட்டர் ரெக்கார்ட்ஸ் என்ற இசைப்பதிவு நிறுவனம் தொடங்கப்பட்டது.

ஆகவே நெக்கின் நுனியிலுள்ள ஹெட்ஸ்டாக்கில் பெயர்த்தகடு இல்லை என்பதாலோ, வேறு பெயர் இருக்கிறது என்பதாலோ முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கோடு கோடாக மெருகேற்றிய உலோகப் பிக்கார்டு (பாடியின் முகத்தை மூடும் தகடு), நட்டுக்கு (ஹெட்ஸ்டாக் அருகில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) அடுத்து ஒரு ஜீரோ ஃபிரெட் (ஃபிரெட் என்பது நெக்கில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டை; முதல் ஃபிரெட்டுக்கு முன் இருப்பது ஜீரோ), பிக்கப்புக்கு ஒன்று என்று வரிசையாக நிற்கும் ராக்கர் சுவிட்சுகள், நான்கு திருகு போட்ட நெக் தகடு, அதில் ‘ஜப்பான்’ என்ற அச்சு ஆகியவற்றைப் பாருங்கள். சீரியல் எண்ணை வைத்து ஆண்டு சொல்ல முயல வேண்டாம், அது நம்பும்படி இருக்காது. மாடல் எண் தெரிந்தால் பிக்கப் கணக்கும் தெரிந்துவிடும்: இ.டி.-200 என்றால் இரண்டு, இ.டி.-440 என்றால் நான்கு. பாடியில் கைபிடிக்க ஓட்டை வைத்த டி.ஜி.-64, ஐந்து வண்ண சுவிட்சுகளும் ஸ்டீரியோ இணைப்பும் கொண்ட ஸ்பெக்ட்ரம் 5, ஓவியரின் வண்ணப்பலகை போல வளைந்த மே குவீன் ஆகியவற்றில் ஒன்று கிடைத்தால் ஸ்குரூடிரைவரைத் தொடவே தொடாதீர்கள்.

‘வாசிக்க முடியாது, ஆக்‌ஷன் வானத்தில் நிற்கிறது’ என்பதுதான் பிரிப்பதற்கு நீங்கள் அதிகம் சொல்லும் காரணம். ஃபிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம்; பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பி 4, 5 மி.மீ. உயரத்தில் இருப்பது உண்மைதான். அறுபது ஆண்டு கம்பி இழுவையில் நெக் முன்பக்கம் சாய்ந்திருக்கும். பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை எவ்வளவு இறக்கினாலும் போதாது. இறக்க இறக்கக் கம்பி பிரிட்ஜைத் தாண்டும் கோணம் தட்டையாகி, கம்பி இடம்விட்டு நழுவும், சிதார் போல அதிரும். வாசித்தவர்கள் வெறுத்துப் பரணில் போட்டதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதைச் சரிசெய்ய நான்கு திருகுதான் கழற்ற வேண்டும். கம்பிகளை முழுவதும் தளர்த்துங்கள், நெக்கை எடுங்கள், குழிக்குள் கிடக்கும் பழைய பெயின்ட் கட்டியையும் காகிதத் துண்டுகளையும் சுரண்டி எடுங்கள். பிறகு மேப்பிள் போன்ற கடின மரத்தில் குழியின் முழு நீளத்துக்கும் ஓர் ஆப்புத் தகடு இழைத்து வையுங்கள். ஹெட்ஸ்டாக் பக்கம் பூஜ்யமாகத் தொடங்கி, பிக்கப் பக்கம் 0.5 மி.மீ. தடிமனில் முடிய வேண்டும். குழி 75 மி.மீ. நீளம், குழியின் முன்விளிம்பிலிருந்து பிரிட்ஜ் 300 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டால், அந்த அரை மில்லிமீட்டர் பிரிட்ஜில் 2 மி.மீ. ஆகிவிடும். பிரிட்ஜை மறுபடி உயர்த்தலாம், கம்பி அழுந்தி உட்காரும், ஆக்‌ஷனும் இறங்கும். குழியின் ஓரத்தில் மட்டும் அட்டைத் துண்டு செருகி முடித்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. நடுவில் காற்றுவெளி விழும், திருகை இறுக்க இறுக்க நெக்கின் அடிப்பகுதி வளைந்து, கடைசி ஃபிரெட்டுகள் மேடு தட்டிவிடும்.

நெக் வளைவையும் இதோடு பார்த்துவிடுங்கள். ஒரு கம்பியை முதல் ஃபிரெட்டிலும் நெக் பாடியோடு சேரும் ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், ஏழாவது ஃபிரெட் அருகில் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி போதும். ஹெட்ஸ்டாக்கில் சின்ன மூடி இருந்தால் அதன் கீழே டிரஸ் ராட் (நெக் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) திருகு இருக்கலாம். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள், துருப்பிடித்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இரவு முழுவதும் விடுங்கள். மலிவு மாடல்கள் பலவற்றில் திருப்பவே முடியாத இரும்புப் பட்டைதான் உள்ளே இருக்கும். அதில் 1 மி.மீ.க்கு மேல் வளைவு விழுந்திருந்தால் ஃபிரெட்டுகளைக் கழற்றிப் பலகையைச் சமன் செய்ய வேண்டியிருக்கும். செலவு பிடிக்கும் வேலை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஜீரோ ஃபிரெட்டில் கம்பி பள்ளம் வெட்டியிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். புதியது மற்ற ஃபிரெட்டுகளின் உயரத்துக்குச் சமமாகவோ ஒரு துளி கூடுதலாகவோ இருக்க வேண்டும், குறைந்தால் திறந்த கம்பிகள் எல்லாம் கரகரக்கும்.

அடுத்தது ‘சத்தம் வரவில்லை’ என்ற காரணம். ராக்கர் சுவிட்சுகளின் தொடுமுனைகள் கருத்துப் போயிருக்கும். கான்டாக்ட் கிளீனர் ஒரு தெளிப்பு தெளித்து, இருபது முப்பது தடவை மேலும் கீழும் தட்டினால் பல கிட்டார்கள் அங்கேயே உயிர் பெற்றுவிடும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ‘பாட்’ என்ற திருகு குமிழுக்கும் அதே மருந்து. சாதாரண மசகெண்ணெய் தெளிப்பு வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பியைத் தொட்டாலும் ஹம் (உறுமல் ஒலி) அடங்கவில்லை என்றால் டெயில்பீஸுக்கு (கம்பிகளின் கடைமுனையை மாட்டும் உலோகப் பாகம்) எர்த் ஒயர் இல்லை அல்லது அறுந்திருக்கிறது. டெயில்பீஸின் அடியிலிருந்து வால்யூம் பாட்டின் முதுகுக்கு ஓர் ஒயர் இழுத்துச் சால்டர் வைத்தால் போதும்.

இப்போது நீங்கள் தேடி வரும் பிக்கப்புக்கு வருவோம். தங்கநிறத் தகடு வெறும் அலங்காரம். மேல்மூடியின் துளைகள் வழியே தெரியட்டும் என்று வைத்தது, அதனால் ஒலி மாறாது. ஒலியின் இரகசியம் உள்ளே இருக்கிறது: ரப்பரோடு ஃபெரைட் தூள் சேர்த்துச் செய்த மெல்லிய காந்தப் பட்டையும் அதைச் சுற்றிய தட்டையான சுருளும். காந்தம் வலுக் குறைந்தது, கம்பியைப் பிடித்து இழுக்காது. அதனால் நாதம் நீளும், மேல் ஸ்வரங்கள் கூர்மை இழக்காமல் மிருதுவாக வரும். ஸ்லைடு கலைஞர் ரை கூடர் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் நெக் பக்கம் டெய்ஸ்கோ பிக்கப்பைப் பொருத்தி ஸ்லைடு வாசித்த பிறகுதான் இதற்குத் தேடல் பெருகியது. இன்று லோலர் போன்ற பிக்கப் தயாரிப்பாளர்கள் அதே வகையில் புதிதாகச் சுற்றி விற்கிறார்கள். 2023-இல் ஃபெண்டர் கிட்டார் நிறுவனமே கோல்டு ஃபாயில் (தங்கத்தகட்டு) பிக்கப் வைத்த கிட்டார்களை வெளியிட்டது. அந்த ஒலி வேண்டும் என்பவருக்கு வழி இருக்கிறது. பழைய கிட்டார் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போவதற்கு மாற்று வழி இல்லை.

பிக்கப்பை எடுத்துவிட்டால் அந்த கிட்டாருக்கு வேறு பிக்கப் போட்டுக்கொள்ளலாமே என்கிறீர்கள். பிக்கார்டில் வெட்டிய துளையின் நீள அகலம் இன்று கடையில் கிடைக்கும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கும் ஒத்துவராது, ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்புக்கும் ஒத்துவராது. உயரம் குறைவான பிக்கப்புக்காக வெட்டிய ஆழமற்ற குழி வேறு. உலோகப் பிக்கார்டைப் புதிதாக வெட்டி, பாடியையும் குடைந்து ஆக வேண்டும். பல பாடிகள் ஒட்டுப்பலகை, குடையும்போது ஓரம் சிம்பு சிம்பாகப் பெயரும். அதனால்தான் பிக்கப் போன டெய்ஸ்கோவை யாரும் எடுத்துக்கட்டுவதில்லை.

நெக் முறிந்தது, பாடி நனைந்து அடுக்கு பிரிந்தது, பாதி பாகம் ஏற்கெனவே காணாமல் போனது ஆகியவற்றைப் பிரிப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அந்த உதிரிகளால் இன்னொரு கிட்டார் பிழைக்கும். ஆனால் ஒழுங்காகப் பிரியுங்கள். முதலில் பிக்கப்பின் மின்தடையை மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 5 முதல் 8 கிலோ ஓம் வரை காட்டினால் பிக்கப் நன்றாக இருக்கிறது. ஒன்றும் காட்டவில்லை என்றாலும் செத்துப்போனதாக எழுதிவிட வேண்டாம். சுருளின் மயிரிழை ஒயர் வெளி ஒயரோடு சேரும் சால்டர் முனையில் அறுந்திருப்பதே அதிகம், பூதக்கண்ணாடி வைத்து அந்த இணைப்பை மறுபடி சால்டர் செய்யலாம். வெளி ஒயரைப் பிக்கப் அருகில் வெட்டாதீர்கள். பாட் முனையில் சால்டரை உருக்கி எடுங்கள், நீளம் முழுவதும் கிடைக்கும். ஆம்ப் அருகில் கீச்சிடுகிறது என்று மெழுகில் முக்கும் வேலையும் வேண்டாம். சூடு கூடினால் பிளாஸ்டிக் சட்டம் கோணிவிடும், ரப்பர் காந்தமும் கெடும், காற்றோட்டமான அந்த ஒலியும் போய்விடும். அடியில் ஒரு நுரைப்பஞ்சுத் துண்டு வைத்தாலே கீச்சு பெரும்பாலும் அடங்கும்.

விற்கும்போது செய்ய வேண்டியது இன்னும் சில உண்டு. பிரிப்பதற்கு முன் முழுக் கிட்டாரின் முன்பக்கம், பின்பக்கம், நெக் தகடு, பிக்கார்டுக்குக் கீழுள்ள ஒயரிங் என்று நான்கு படம் எடுத்து விளம்பரத்தில் போடுங்கள். எந்த மாடலிலிருந்து வந்த உதிரி, ஓம் எவ்வளவு, நெக் பிக்கப்பா பிரிட்ஜ் பிக்கப்பா என்று எழுதுங்கள். ஒஹையோ மாநிலம் டொலிடோவில் செய்த டிஆர்மண்ட் தங்கத்தகட்டு பிக்கப் ஹார்மனி கிட்டார்களில் வந்தது, அமைப்பே வேறு. அதற்கு டெய்ஸ்கோ பெயர் வைத்து விற்காதீர்கள். அளவு வித்தியாசமான அந்தச் சின்னத் திருகுகளையும் ஸ்பிரிங்குகளையும் ஒரு பையில் போட்டுப் பிக்கப்போடு சேர்த்தே அனுப்புங்கள். மாற்றுத் திருகு தேடி அலைவது பெரும்பாடு.

முழுசாகக் கிடைத்தால் மட்டும் ஒரு வாரம் பொறுங்கள். ‘முழுக் கிட்டார், பழுது பார்க்க வேண்டியது’ என்று நியாயமான விலையில் முதலில் போட்டுப் பாருங்கள். ஆப்பு வைத்து, சுவிட்சைத் துடைத்து, 10 அல்லது 11 அளவுக் கம்பி (மிக மெல்லிய கம்பி 0.010 அல்லது 0.011 அங்குலத் தடிமன்) மாட்டிக் கொடுத்தால் பிரித்து விற்பதற்கு ஈடான விலையும் பல நேரம் கிடைக்கும். ஆப்புத் தகடு இழைப்பதில் சந்தேகம் இருந்தால் உங்கள் ஊரில் கிட்டார் பழுது பார்ப்பவர் யாரிடமாவது கேளுங்கள், சின்ன வேலை, மறுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
பழைய கிட்டார்களைப் பழுது பார்ப்போர் சிலர்