செஸ் எண்ட்கேமையும் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

இன்று செஸ் ஆடுகிற எல்லார் வீட்டிலும் நல்ல நகர்த்தலைக் கணித்துச் சொல்லும் ஒரே கணினி எஞ்சின்தான். ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களில், யாரும் யாரையும் பெரிதாக ஏமாற்றிவிட முடியாது. அப்புறம் எப்படி ஒருவர் மட்டும் தனித்து நிற்கிறார்? எண்ட்கேமில்தான், அதாவது சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டத்தில்தான். 2013-இல் நம் சென்னையிலேயே நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் பார்த்தோமே! ஆனந்துக்கு எதிரான 5, 6-ஆவது ஆட்டங்களில் நார்வேயின் கார்ல்சன் சரிசமமான நிலையிலும் டிராவுக்குச் சம்மதிக்காமல், யானையையும் சிப்பாய்களையும் வைத்தே மணிக்கணக்கில் நெருக்கி வென்றார். ஆனந்தின் ரசிகனான எனக்கு அது வலித்தது. ஆனாலும் அந்தப் பிடிவாதம்தான் கார்ல்சனை 2882 ரேட்டிங் (ஆட்டத்திறன் புள்ளி) வரை கொண்டுபோனது.

2024 டிசம்பரில் உலக சாம்பியன்ஷிப்பில் நம் குகேஷும் அதைத்தான் செய்தார். கடைசி ஆட்டம் டிரா என்றே எல்லாரும் நினைத்தபோது, ஒரே ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்ததை விடாமல் இழுத்தார். 55-ஆவது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். பட்டம் சென்னைக்கு வந்தது.

ஆனால் இங்கே பல பயிற்சி வகுப்புகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் ஓப்பனிங் வரிசைகளை மனப்பாடம் செய்கிறார்கள். யானை எண்ட்கேம் வந்தால் திணறுகிறார்கள். பயிற்சியாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தங்கள் நாளிதழும் ஞாயிறுதோறும் ஓர் எண்ட்கேம் புதிரை வெளியிட்டால் பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை