மிதவைச் சட்டைக்குக் கடன் வாங்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பில் ஸ்கூபா முக்குளிப்பைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பிள்ளைகள் பந்து, பூப்பந்து தாண்டிக் கடலுக்குள்ளும் இறங்குகிறார்கள் என்று எழுதியதற்கு நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில், பிசிடி என்கிற மிதவைச் சட்டையை மட்டும் காசு பார்த்து வாங்கக் கூடாது, உயிர் சம்பந்தப்பட்டது, இருப்பதிலேயே உயர்ந்ததை வாங்குங்கள் என்ற பொருளில் ஓர் அறிவுரை இருந்தது. அதைப் படித்த கையோடு என் அக்கா மகன் அப்படி ஒரு பிசிடி ஜாக்கெட்டின் படத்தை எனக்கு அனுப்பிவிட்டான். விலை நாலாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் குறைவு. பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் பணம் வந்ததும் முன்பணம் கட்டிவிடுவானாம். இந்தக் கடிதம் பாதி உங்களுக்கு, பாதி அவனுக்கு.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் காற்றழுத்த வால்வுகளைப் பழுது பார்க்கிறேன். லீவு கிடைத்தால் முக்குளிக்கப் போவது கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியான் அல்லது தியோமான். ஆண்டுக் கடைசியில் பருவமழை வந்து கிழக்குக் கரை அடைத்துக்கொண்டால் மேற்குக் கரையில் பூலாவ் பாயார் தீவு.

முக்குளிக்காத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பிசிடி என்பது காற்றுப்பை வைத்த சட்டை. காற்றுச் சிலிண்டரை முதுகில் தாங்குவதும் அதுதான். தோளிலிருந்து தொங்கும் குழாயின் நுனியில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் சிலிண்டர் காற்று பைக்குள் போகும், இன்னொன்றை அழுத்தினால் வெளியேறும். மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் தண்ணீரில் நிற்பதற்கான ஏற்பாடு, அவ்வளவே. மயங்கியவரின் முகத்தை வானம் பார்க்கத் திருப்பி வைக்கும் உயிர்காப்புச் சட்டை அல்ல இது. "உயிர் சம்பந்தப்பட்டது" என்று சொல்லி விற்பவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

விலை ஏற ஏறத் தூக்கும் சக்தியும் ஏறும் என்று அந்த ஜாக்கெட்டை விற்கும் கடைக்காரர் என் அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கே வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டர் பெரும்பாலும் 11 லிட்டர் கொள்ளளவு. 200 பார் அழுத்தத்தில் அதற்குள் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று இருக்கும், அதன் எடை இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல். கடைசியில் சிலிண்டர் லேசாகிவிடும் என்பதால் அந்த எடையை ஈயமாக முன்பே இடுப்பில் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறோம். ஆகவே தொடக்கத்தில் அந்த அளவு கனத்திருப்போம். இத்துடன் நம் வெதுவெதுப்பான கடலில் போடும் 3 மில்லிமீட்டர் தடிமனான ரப்பர் நுரை உடுப்பு ஆழத்தில் நசுங்கி ஒன்றிரண்டு கிலோ மிதப்பை இழக்கும். இரண்டையும் கூட்டினாலும் ஐந்து கிலோவைச் சுற்றித்தான் நிற்கிறது. மேலே வந்தபின் தலையை நீருக்கு மேல் வைத்திருக்க இன்னும் கொஞ்சம் வேண்டும். சாதாரணப் பையே 12, 15 கிலோ தூக்கும். இருபது கிலோவுக்கு மேல் தூக்கும் பைகள் இரட்டைச் சிலிண்டர் கட்டுகிறவர்களுக்கும், குளிர்நாட்டில் கனத்த உடுப்போடு இறங்குகிறவர்களுக்கும். பெர்ஹெந்தியானில் அது வெறும் சுமை. பை பெரிதானால் உள்ளே காற்று அங்குமிங்கும் ஓடும், நீந்தும்போது தண்ணீர் பிடித்து இழுக்கும்.

பை ஐந்து கிலோ தூக்கினால் போதும் என்கிற இடத்தில் பத்துக் கிலோ தூக்க வேண்டியிருக்கிறதென்றால் ஈயத்தை அளவுக்கு மேல் கட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். புதிதாகப் பழகியவர்களில் பலர் அப்படித்தான் இறங்குகிறார்கள். பயிற்றுநரோடு நின்று ஈயத்தைச் சரிபார்க்கக் காசு ஒன்றும் ஆகாது.

சரி, நாலாயிரம் வெள்ளியில் என்னதான் வருகிறது? ஈயம் செருகும் பைகள், மெத்தை வைத்த முதுகு, நாலைந்து ஜேப்பு, எஃகு வளையங்கள், பிராண்டு பெயர். ஈயப்பை வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் கொக்கி சரியாக மாட்டாமல் ஒரு பை கழன்று விழுந்தால் அந்தப் பக்கம் லேசாகி, ஆளை மேலே இழுக்கும். மெத்தையோ தண்ணீரில் மிதக்கும், அதை அமிழ்த்த இன்னும் கொஞ்சம் ஈயம்! காசு கொடுத்து மிதப்பை வாங்கி, காசு கொடுத்து அதை அமுக்குகிறோம்.

ஸ்கூபாப்ரோ நிறுவனம் 1971-இல் கொண்டுவந்த ஜாக்கெட் வடிவம்தான் இன்றும் முக்குளிப்புப் பள்ளிகளில் நாம் போடுவது. அதற்குப் பின் ஃபுளோரிடாவின் குகைகளில் முக்குளித்தவர்கள் வேறு வழியில் போனார்கள். ஓர் உலோகத் தகடு, அதில் ஒரே நீளமாகக் கோத்த ஐந்து சென்டிமீட்டர் அகல நைலான் பட்டை, முதுகுப் பக்கம் ஒரு காற்றுப்பை. பேக்பிளேட், விங் என்பார்கள். நான் பயன்படுத்துவது அதுதான், அலுமினியத் தகடு. எஃகுத் தகடு இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். ஈயத்தை அந்த அளவு குறைக்கலாம் என்பது உண்மை. என்னைப் போல் சிறிய உடம்புக்காரர்களுக்கு மெல்லிய உடுப்போடு அது கனம் கூடிவிடும், விமானத்தில் பெட்டி எடையும் ஏறும். முக்குளிக்கச் சபாவின் தாவாவ் வழியாகச் செம்பூர்ணா போகிறவர்களுக்கு இந்தக் கவலை தெரியும்.

என் கண்ணுக்கு இதன் மதிப்பு எங்கே இருக்கிறதென்றால், கெட்டுப்போகும் ஒவ்வொன்றையும் தனியாக மாற்றலாம். பட்டை நைந்தால் பட்டை, பை கிழிந்தால் பை. தகடு நமக்குப் பின்னும் இருக்கும். ஜாக்கெட்டில் பை நைந்து காற்று கசிய ஆரம்பித்தால் பெரும்பாலும் முழுச் சட்டையும் போச்சு. குறையும் உண்டு. மேலே வந்தபின் பையை அளவுக்கு மேல் நிரப்பினால் ஆளை முன்பக்கம் சாய்க்கும். ஜாக்கெட் அந்த நேரத்தில் நிமிர்த்தி உட்கார வைக்கும். படகுக்காக அலையில் காத்துக் கிடப்பவர்களுக்கு அது பெரிய சுகம். அதற்காக ஜாக்கெட்தான் வேண்டும் என்றால் வாங்கட்டும், ஆனால் உடம்புக்குப் பொருந்துவதை வாங்கட்டும். முழுக்கக் காற்று நிரப்பியபின் மூச்சு இழுக்க முடிகிறதா, தோள் காதுவரை ஏறுகிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். குட்டையான பெண்களுக்குப் பல ஜாக்கெட்டுகள் இடுப்புக்கு வர வேண்டிய பட்டையை விலா எலும்பில் கட்டுகின்றன. நாலாயிரம் கொடுத்தாலும் விலா விலாதான்.

உண்மையில் உயிர் இருக்கும் இடம் அந்தச் சின்னப் பொத்தான். உப்பு காய்ந்து அதன் ஸ்பிரிங்கில் படிந்தால் அழுத்திய பொத்தான் திரும்பி வராது. காற்று நிற்காமல் ஏறும். பத்து மீட்டரிலிருந்து மேலே வரும்போது பையிலுள்ள காற்று இரண்டு மடங்காகும், வேகம் கூடிக்கொண்டே போகும், நுரையீரலுக்கு ஆபத்து. உடனே சிலிண்டரிலிருந்து அந்தப் பொத்தானுக்கு வரும் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, பையைக் காலி பண்ணத் தெரிந்திருக்க வேண்டும். இது விலை உயர்ந்த ஜாக்கெட்டிலும் நடக்கும், மலிவிலும் நடக்கும். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையமும் வால்வும் மாற்றுவது ஜாக்கெட் விலையில் ஒரு சிறு துளிதான். வீட்டுக்கு வந்ததும் பைக்குள்ளேயே நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, கவிழ்த்து வடித்து, பாதி காற்று நிரப்பி நிழலில் தொங்கவிட வேண்டும். எங்கள் பிளாட் நடைபாதையில் துணிகளோடு அது தொங்குவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா, யாருக்குப் பிரசவம் என்று கேட்டார். குழந்தைத் தூக்கும் பை என்று நினைத்துவிட்டார்.

வருடம் ஒருமுறை போகிறவனுக்கு வாடகையே போதும், இறங்குமுன் இரண்டு பொத்தானையும் தானே அழுத்திப் பார்த்தால். கைமாறிய ஒன்றை வாங்குவதாயிருந்தால் நன்றாகக் காற்று நிரப்பி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் தளர்ந்திருந்தால் எங்கே கசிகிறது என்று சோப்புத் தண்ணீர் காட்டிவிடும். வால்வில் கசிந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம், தையலில் கசிந்தால் வேண்டாம்.

புதிதாகவே வாங்குகிறவர்கள் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த இன்ஃபிளேட்டருக்கான (பொத்தான்கள் உள்ள காற்றேற்றும் பகுதி) உதிரிப் பாகம் இங்கே கையிருப்பில் இருக்கிறதா, வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமா? அக்கா மகனிடம் இதைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை, முன்பணமும் இன்னும் கட்டவில்லை.

இப்படிக்கு,
முக்குளிக்கும் வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு