மெர்லயனுக்கு வேன் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருச்சியிலிருந்து வந்த என் சின்ன மாமனார் குடும்பம் கப்பலில் சிங்கப்பூரின் மரினா பே சொகுசுக் கப்பல் நிலையத்தில் இறங்கியது. வாசலில் நின்ற ஒரு வேன்காரர் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலைக்குக் கூட்டிப் போகத் தலைக்கு 20 வெள்ளி கேட்டாராம். ஐந்து பேர். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு போன் போட்டார்.

"மாமா, பக்கத்திலேயே ரயில் இருக்கிறது, நடங்க" என்றேன். மரினா சவுத் பியர் ரயில் நிலையம் 2014-இலிருந்தே ஓடுகிறது. வடக்கு தெற்குப் பாதையின் கடைசி நிலையம், எனவே வண்டி மாறிப் போகும் பயமில்லை. இரண்டாவது நிறுத்தம் ராஃபிள்ஸ் பிளேஸ். அங்கே 'எச்' வாசலில் ஏறி, ஆற்றோரமாக ஃபுல்லர்ட்டன் ஹோட்டலைத் தாண்டினால் சிங்கத் தலை தண்ணீர் கக்குவது தெரியும். டிக்கெட் வாங்கவும் தேவையில்லை. வீசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையைத் தட்டினால் போதும். ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும் என்பதுதான் மாமாவுக்குப் பிடிக்கவில்லை.

1972-இல் வைத்த சிலையை 2002-இல் இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள். பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எஸ்பிளனேட் பாலத்துக்கு அந்தப் பக்கம், பழைய இடத்தில் தேடுகிற பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கப்பல் வரும் நாள்களில் கப்பல் நிலைய வாசலில் தமிழ் பேசும் தொண்டூழியர் ஒருவரையாவது நிறுத்தலாம். காலையில் சும்மா இருக்கிற என்னைப் போன்றவர்கள் வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர், தோ பாயோ