டயல் டோன் இப்போது வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

செம்புக் கம்பி லேண்ட்லைனை விட்டு இணையவழி அழைப்புக்கு மாறியவர்கள், போன் வேலை செய்யாவிட்டால் இன்னமும் "லைன் போச்சு" என்றுதான் புகார் கொடுக்கிறார்கள். அந்த லைனே இப்போது இல்லை. முன்பு தொலைபேசி நிலையத்தின் பேட்டரி 48 வோல்ட் டி.சி. மின்சாரத்தைக் கம்பியில் அனுப்பிக்கொண்டிருந்தது. மணி அடிக்கத் தேவையான ஏறத்தாழ 75 முதல் 90 வோல்ட் ஏ.சி.யும் அங்கிருந்தே வந்தது. இன்று அத்தனை வேலையையும் செய்வது ரூட்டரின் முதுகிலோ தனி அடாப்டரிலோ (சாதாரணப் போனை இணையத்தோடு இணைக்கும் சிறு பெட்டி) உள்ள போன் போர்ட். பழுதையும் அங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

சுவர் சாக்கெட்டுகளை எல்லாம் மறந்துவிட்டு, ஒயர் உள்ள சாதாரணப் போன் ஒன்றை நேராக அந்தப் போர்ட்டில் செருகுங்கள். போன் போர்ட் இரண்டு இருந்தால் பெரும்பாலும் முதலாவதில்தான் எண் இயங்கும். பக்கத்தில் உள்ள அகலமான நெட்வொர்க் போர்ட்டிலும் போன் பிளக் நுழையும். டயல் டோன் வராது, ஓரத்துக் கம்பிகளும் வளைந்துவிடலாம். நேராகச் செருகியதும் டயல் டோன் வந்தால் பழுது வீட்டு ஒயரிங்கில். வராவிட்டால் போன் விளக்கைப் பாருங்கள். அது அணைந்தோ மினுக்கிக்கொண்டோ இருந்தால், பெரும்பாலும் அடாப்டர் சேவை நிறுவனத்தின் சர்வரில் பதிவாகவில்லை என்று பொருள். பைபர் பெட்டி, ரூட்டர், அடாப்டர் என்ற வரிசையில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம் விட்டு இயக்குங்கள். மூன்றையும் ஒரே சுவிட்சில் போட்டால், இணையம் வருவதற்கு முன்பே அடாப்டர் பதிவுக்கு முயன்று தோற்று நிற்கக்கூடும்.

எல்லா அறைகளிலும் போன் வேண்டுமென்று அடாப்டரிலிருந்து சுவர் சாக்கெட்டுக்கு ஒயர் கொடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் பழைய இணைப்பைக் கழற்றாமல் விட்டுவிடுகிறார்கள். அதில் இன்னும் மின்சாரம் இருந்தால் அடாப்டரின் போன் போர்ட் எரிந்துபோகலாம். மின்சாரம் இல்லாவிட்டாலும், வெளியே ஈரத்தில் ஒட்டிக்கிடக்கும் கம்பி டயல் டோனை விழுங்கிவிடும். வீட்டுக்குள் நுழையும் பெட்டியில் அந்த இரண்டு ஒயர்களையும் கழற்றி, முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி வையுங்கள். அதன் பிறகே அடாப்டரை ஏதாவது ஒரு சாக்கெட்டில் இணைக்கலாம். சாக்கெட்டுகள் இணையாகக் கோக்கப்பட்டிருந்தால் மற்றவற்றுக்கும் டயல் டோன் போய்விடும். பழைய பிராட்பேண்டுக்காகப் போட்ட பில்ட்டர்கள் இனி தேவையில்லை, எடுத்துவிடுங்கள். இன்னும் டோன் இல்லையென்றால் எல்லாப் போன்களையும் பிடுங்கி ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டும். ஏதோ ஓர் அறையில் ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் கிடந்தாலே வீடு முழுவதும் ஊமையாகிவிடும்.

மணி ஒருமுறை அடித்து நின்றாலோ, அடிக்கவே இல்லை என்றாலோ போன்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள். உள்ளே உண்மையான மணியும் சுத்தியும் உள்ள பழைய போன் மின்சாரத்தை அதிகம் இழுக்கும். தொலைபேசி நிலையத்துக்கு இருந்த சக்தி சிறிய அடாப்டருக்குக் கிடையாது. சுழற்றும் டயல் போனைப் பல அடாப்டர்கள் ஏற்பதில்லை. பட்டன் போனாக இருந்தால் அடியில் உள்ள சுவிட்சை பல்ஸிலிருந்து டோனுக்கு மாற்றினால் போதும்.

வெளியே பேச முடிகிறது, ஆனால் உள்ளே அழைப்பு வரவில்லை. ரூட்டரை அணைத்துப் போட்டால் சிறிது நேரம் சரியாக இருக்கிறது. இது ரூட்டரின் வேலை. அடாப்டருக்காகத் திறந்து வைத்த வழியை, அதில் போக்குவரத்து இல்லாவிட்டால் ரூட்டர் மூடிவிடும். சில ரூட்டர்கள் 30 நொடியிலேயே மூடுகின்றன. வழி திறந்திருக்க அடாப்டர் அவ்வப்போது அனுப்பும் சிறு செய்திக்குப் பெயர் 'கீப் அலைவ்'; அடாப்டர் அமைப்பில் அதன் இடைவெளியை 20 நொடியாக வைத்தால் வழி மூடாது. ரூட்டரில் 'சிப் ஏ.எல்.ஜி.' என்றொரு வசதி இருக்கும். இணையவழி அழைப்புகளுக்கு உதவி செய்வதற்காக வைக்கப்பட்டது. நடைமுறையில் அழைப்புச் செய்திகளைத் திருத்தப்போய்க் கெடுத்துவிடுகிறது. அதை அணைத்துவிடுவதே நல்லது.

ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்பதற்கும் அந்த சிப் ஏ.எல்.ஜி.யே காரணமாக இருக்கலாம்; அல்லது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரூட்டர்கள் இருக்கலாம். முதல் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரூட்டர் வேலை செய்யாமல் இணையத்தை அப்படியே கடத்தும் முறைக்கு, மாற்றச் சொல்லுங்கள். அழைப்பு ஒவ்வொரு முறையும் சரியாக 32 நொடியில் அறுந்தால் அது தற்செயல் அல்ல. அழைப்பை எடுத்த பக்கம் 'எடுத்துவிட்டேன்' என்று செய்தி அனுப்பும், மறுபக்கம் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் வழியில் தொலைந்தால் 32 நொடி காத்திருந்துவிட்டுத் துண்டித்துவிடும். புகார் கொடுக்கும்போது இந்த நொடிக் கணக்கைச் சொல்லுங்கள். "அடிக்கடி கட் ஆகிறது" என்பதைவிட இது பத்து மடங்கு உதவும்.

குரல் வெட்டி வெட்டி வருவதற்கு வேகம் போதாது என்று பெரிய பிளானுக்கு மாற வேண்டியதில்லை. குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் போதும். சிக்கல் வரிசையில் காத்திருப்பது. குரல் நொடிக்கு 50 சிறு பொட்டலங்களாகப் போகிறது. வீட்டில் யாராவது பெரிய வீடியோவை மேலேற்றினால் அவை பின்னால் சிக்கிக்கொள்ளும். நீங்கள் பேசுவது எதிர்முனையில் உடைந்தால் உங்கள் அப்லோடைச் சந்தேகியுங்கள். அவர் குரல் உங்களுக்கு உடைந்தால் டவுன்லோடை. ரூட்டரில் போனுக்கு முன்னுரிமை தந்து, மொத்த அப்லோடை அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துங்கள். தனி அடாப்டர் என்றால் வைஃபையை நம்பாமல் கேபிளில் இணையுங்கள்.

மின்வெட்டைப் பற்றி நிறுவ வருபவர்கள் வாய் திறப்பதில்லை என்பதே எங்களுக்குப் பெரிய மனக்குறை. பழைய போன் இருட்டிலும் இயங்கியது, இது இயங்காது. பைபர் பெட்டி, ரூட்டர், அடாப்டர், கார்ட்லெஸ் போனின் பேஸ் ஆகிய எல்லாவற்றுக்கும் யூ.பி.எஸ். வேண்டும். ஒன்றை விட்டாலும் பயனில்லை. எல்லாம் சேர்ந்து 15 வாட் எடுத்தால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இழப்பு போக ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாங்கும். முதியவர்களின் அவசர அழைப்புக் கருவி, லிப்ட் போன், திருட்டு அலாரம் ஆகியவை பழைய கம்பியை நம்பி இருந்தால், மாறும் முன்பே அவற்றின் நிறுவனத்திடம் கேட்டாக வேண்டும். அவசர உதவி எண்ணுக்குப் போகும் முகவரி, கணக்கில் பதிவானதாகவே இருக்கலாம். வீடு மாறினால் அதையும் மாற்றுங்கள்.

சேவை நிறுவனங்களிடம் எங்கள் கோரிக்கை இது. இணைப்பு கொடுத்தவர் கிளம்பும் முன் வெளி அழைப்பு ஒன்று, உள் அழைப்பு ஒன்று, போனைப் பத்து நிமிடம் தொடாமல் வைத்துவிட்டு மீண்டும் ஓர் உள் அழைப்பு, மெயின் சுவிட்சை அணைத்து ஓர் அழைப்பு என நான்கையும் வீட்டுக்காரர் கண்முன் செய்து காட்டட்டும். மூன்றாவது சோதனையை யாரும் செய்வதில்லை. உள்ளே வராத அழைப்புகள் பெரும்பாலும் அதில்தான் பிடிபடும்.

இப்படிக்கு,
தொலைபேசி இணைப்புப் பணியில் உள்ள வாசகர்கள்